பங்கும் பண்பும்

உடன்பிறந்தாரையும் அவர் வழி வந்தவரையும் நம் ஊர்ப்புறங்களில் 'பங்காளிகள்' என்று அழைப்பர். ஒரு குடும்பத்தின் உடைமையில் பங்கு உடையவர் என்பதே அச்சொல்லின் பொருள். நாளடைவில் அச்சொல்லைப் பகைமையின் நிழல் சூழ்ந்துகொண்டது. பங்காளிச் சண்டை என்னும் தொடரை அறியாத ஊர் தமிழகத்தில் இல்லை. உறவைக் குறிக்கப் பிறந்த சொல் பகையை நினைவூட்டும்படி நேர்ந்தது ஏன்? நிலத்தைப் பங்கிட்ட முறையில் நேர்ந்த பிழைகளே அதற்குப் பெருங்காரணம் ஆகும்.

முன்னோர் விட்டுச் சென்ற உடைமையைப் பழந்தமிழர் 'தாயம்' என்றனர். அதற்கு உரியவரைத் 'தாயத்தார்' என்றனர். தாயத்தார்ப் பகை முடிவேந்தரையும் விட்டுவைக்கவில்லை. சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரை ஒருவர் பகைத்தனர். நெடுங்கிள்ளி உறையூரில் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி அவ்வூரை முற்றுகையிட்டான். அந்நிலையில் கோவூர் கிழார் என்னும் புலவர் இருவருக்கும் இடையே புகுந்தார். இருவரும் சூடியது ஆத்தி மாலையே என்பதைச் சுட்டிக்காட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடிதான் என்று இடித்துரைத்தார். இச்செய்தி புறநானூற்றால் அறியப்படுகிறது. புலவர் உணர்த்திய உண்மை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அரை ஏக்கர் நிலத்துக்காக வழக்காடும் இரு தமையன்மாருக்கும் அது பொருந்தும்.

குடும்பச் சொத்து இரு வகைப்படும். பாட்டன், முப்பாட்டன் வழியாகக் குடும்பத்துக்கு வந்தது பிதிரார்ஜிதம் எனப்படும். ஒருவன் தன் உழைப்பால் ஈட்டியது சுயார்ஜிதம் எனப்படும். இவ்விரண்டுக்கும் பங்கு முறை ஒன்றன்று. 1076 முதல் 1126 வரை ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு 'மிதாட்சரம்' என்னும் உரை வகுத்தார். குடும்பத்தின் பிதிரார்ஜிதச் சொத்தில் மகன் பிறந்தபோதே தந்தையோடு பங்குடையவன் ஆகிறான் என்பது அவ்வுரை வழி வந்த கொள்கை. தமிழகத்து இந்துக் குடும்பங்களில் இம்முறையே நெடுங்காலம் நின்றது. மகளுக்கு அத்தகைய பிறப்புரிமை இல்லை. அவள் சீரும் சிறப்பும் பெற்று மணமாகிச் செல்வாள். நிலம் ஆண் வழியே செல்லும்.

இந்நிலை எளிதில் மாறிவிடவில்லை. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆடவர்க்குள்ள சொத்துரிமை பெண்டிர்க்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியா விடுதலை பெற்றபின், சட்ட அமைச்சராய் இருந்த டாக்டர் அம்பேத்கர் இந்துச் சட்டங்களைச் சீர்செய்ய ஒரு மசோதாவைக் கொணர்ந்தார்; அது நிறைவேறாது தடைப்படவே, 1951-இல் தம் பதவியைத் துறந்தார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தந்தை உயில் எழுதாது இறந்தால், அவர் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர்க்குச் சமபங்கு உண்டென்று அது விதித்தது. ஆயினும், பிதிரார்ஜிதச் சொத்தில் பிறப்புரிமை மகனிடத்தேயே நின்றது.

தமிழ்நாடு 1989-இல் அக்குறையைக் களைய முற்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாளுக்கு முன்பு மணமாகாத மகளுக்கு, மகனைப் போன்றே பிறப்புரிமை அளிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் முதல் நாடெங்கும், மணமான மகளுக்கும் மணமாகாத மகளுக்கும் அவ்வுரிமை ஒருங்கே கிடைத்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்னும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் தெளிவுபடுத்தியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாளுக்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப் பிரிவினைகளை இச்சட்டம் கலைப்பதில்லை. இசுலாமியர்க்கும் கிறித்தவர்க்கும் வாரிசுரிமைச் சட்டங்கள் வேறு.

சட்டத்தின் மாற்றம் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஏரிப் பாசனமுள்ள ஊர் ஒன்றில் ஓர் உழவர்க்கு மனைவியும், இரண்டு மகன்மாரும், ஒரு மகளும் உளர் எனக் கொள்க. அவருடைய பிதிரார்ஜித நிலம் 4 ஏக்கர் 80 சென்ட். அதாவது 480 சென்ட். அவர் உயில் எழுதாமல் 1960-இல் இறந்திருந்தால், தந்தைக்கும் இரு மகன்மார்க்குமாக நிலம் முதலில் மூன்று கூறாகும். தந்தையின் கூறாகிய 160 சென்ட், மனைவிக்கும் மக்கள் மூவர்க்கும் நாற்பது நாற்பதாகப் பிரியும். ஆகவே, மகன் ஒவ்வொருவர்க்கும் 200 சென்ட். மகளுக்கு 40 சென்ட். தாய்க்கு 40 சென்ட்.

அவரே 2005-க்குப் பின் இறந்திருந்தால், மகளும் பிறப்புரிமை உடையவள் ஆதலின் நிலம் முதலில் நான்கு கூறாகும். தந்தையின் கூறாகிய 120 சென்ட், நால்வர்க்கும் முப்பது முப்பதாகப் பிரியும். மக்கள் மூவரும் தலைக்கு 150 சென்ட் பெறுவர். தாய் 30 சென்ட் பெறுவாள். நிலம் முழுவதும் சுயார்ஜிதமாயின் நால்வர்க்கும் 120 சென்ட் சமமாகக் கிடைக்கும்.

இக்கணக்கை ஊன்றி நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலப்படும். நாற்பது சென்ட் பெற்ற மகள் இன்று நூற்றைம்பது சென்டுக்கு உரியவள் ஆனாள். இஃது ஒன்று. தாயின் பங்கோ, நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைந்தது. இது மற்றொன்று. தென்னாட்டு வழக்கில், தந்தையும் மக்களும் பாகம் பிரியும்போது தாய்க்கு எனத் தனிக் கூறு வைப்பதில்லை. கணவனின் கூற்றிலிருந்தே அவளுக்குப் பங்கு வரும். கூறுகள் பலவாகும்போது கணவனின் கூறு சிறுத்து, அவள் பங்கும் சிறுக்கிறது. அந்நிலத்தில் நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டும் களை பறித்தும் உழைத்தவள் அவளே. சட்டம் அளக்கும் இடத்தோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இது காட்டும். முதிய பெற்றோரைக் காக்கும் கடமையை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வலியுறுத்துகிறது. சட்டம் வற்புறுத்தும் முன்பே அதனைச் செய்வது பண்பு.

இனி, பங்கிடும் முறையைக் காண்போம். முதற்கண், இருப்பது யாது என்று அறிதல் வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, நிலத்தின் அளவையும் அதன்மேல் உள்ள கடனையும் காண வேண்டும். கடனை மறைத்து நிலத்தை மட்டும் கூறிடுதல், ஓட்டைக் கலத்தில் பால் ஊற்றுவதை ஒக்கும். அடுத்து, உரியவர் யாவர் என அறிதல் வேண்டும். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் எவர் பெயரும் விடுபடலாகாது. தந்தைக்கு முன்னே இறந்த மகனுக்குப் பிள்ளைகள் இருப்பின் அவர்களை மறத்தலும் ஆகாது. தந்தை இறக்கும் காலத்தில் கருவில் இருந்து, பின் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கும் பங்கு உண்டு. வாய் திறந்து கேட்க இயலாத அச்சிறு உயிருக்கும் சட்டம் ஒரு கூற்றை எடுத்துவைக்கிறது.

மூன்றாவதாக, நிலத்தைத் தரம் பார்த்தல் வேண்டும். நூறு சென்டும் நூறு சென்டும் எப்போதும் சமம் ஆகா. மதகை அடுத்த தலைமடை நிலத்தில் நீர் முதலில் பாயும். கடைமடை நிலம் கோடையில் காய்ந்து கிடக்கும். மேற்கூறிய நிலத்தில் நஞ்சை 320 சென்டும் புஞ்சை 160 சென்டும் இருப்பின், ஒருவர்க்கு நஞ்சை முழுவதும் மற்றவர்க்குப் புஞ்சை முழுவதும் கொடுத்தல் நீதியாகாது. மக்கள் ஒவ்வொருவர்க்கும் நஞ்சையில் 100 சென்டும் புஞ்சையில் 50 சென்டும், தாய்க்கு நஞ்சையில் 20 சென்டும் புஞ்சையில் 10 சென்டும் வைத்தால் தரமும் அளவும் ஒருங்கே அமையும். ஒவ்வொரு கூறும் வாய்க்காலைத் தொடுமாறு நீளவாட்டில் வரப்பு இடுதல் நன்று. கிணறு, களம், வண்டிப் பாதை ஆகியவற்றைக் கூறிடாமல் பொதுவாக விட்டு, நீர் இறைக்கும் முறைநாளை எழுதிவைத்தல் இன்றியமையாதது. பாதையை எழுதாது விட்ட பத்திரமே பல வழக்குகளுக்கு வித்தாகிறது.

தாயின் கூற்றை வீட்டுக்கும் நீருக்கும் அண்மையில் முன்னரே ஒதுக்கிவிட வேண்டும். பின்னர், மக்களுள் மூத்தவர் கூறு வைக்க, இளையவர் முதலில் எடுப்பது ஒரு முறை. தாம் வைத்த கூறுகளுள் இறுதியில் எஞ்சுவதே தமக்கு வரும் என்று அறிந்தவர், ஒன்றைக் கொழுக்கவும் மற்றொன்றை மெலியவும் வைக்கமாட்டார். சீட்டு எழுதிக் குலுக்கி, சிறு பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பிப்பது மற்றொரு முறை. கூறிட இயலாத சிறு வீட்டை ஒருவரே ஏற்று, மற்றவர்க்கு அதன் மதிப்பில் உரிய தொகையைக் கொடுத்தலும் உண்டு. நிலமும் இவ்வாறே ஒருவர் கையில் நிற்பது சிற்சில வேளை நலம் பயக்கும். 1970-71-இல் இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 2.28 ஹெக்டேராய் இருந்தது; 2015-16-இல் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ஏர் திரும்ப இடமின்றிக் கூறிட்ட நிலம் எவர்க்கும் சோறு போடாது.

இத்தனையும் முறையாகச் செய்யும் குடும்பங்களிலும் ஓர் இடத்தில் அறம் வழுவுகிறது. நிலத்தைத் தமையன்மார் தமக்குள் கூறிட்டுக்கொண்டபின், மணமாகிச் சென்ற தங்கையை அழைத்துவந்து, எழுதி முடித்த விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்பர். "உனக்குத்தான் சீர் செய்து அனுப்பினோமே, அம்மா!" என்பர். அவளும் பொங்கலுக்குப் படி வருவது நின்றுவிடுமோ, தன் பிள்ளைகளுக்கு மாமன் வீடு இல்லாது போகுமோ என்று அஞ்சிக் கையொப்பம் இடுவாள். அப்பத்திரத்தில் அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கும். அவள் நெஞ்சில் எழுதியிருப்பது வேறு.

சீர் கொடுத்தது தந்தையின் அன்பு. பங்கு என்பது மகளின் உரிமை. சீர் செய்த செலவைச் சட்டம் அவள் பங்கிற் கழிப்பதில்லை. தன் பங்கு 150 சென்ட் என்று அவள் அறிந்து, அதன் மதிப்பையும் உணர்ந்து, அச்சமின்றி, "என் அண்ணன் பிள்ளைகள் பிழைக்கட்டும்" என்று விடுவாளாயின் அது கொடையாகும். அறியாமலும் அஞ்சியும் விட்டது கொடையாகாது. ஆகவே, தமையன்மார் முதற்கண் செய்யத்தக்கது கையொப்பம் கேட்பது அன்று. "உன் பங்கு இவ்வளவு, அம்மா" என்று அவளிடம் சொல்வதே ஆகும். அவ்வொரு சொல்லைச் சொல்லிய வீட்டில், அவள் பங்கை ஏற்றாலும் விடுத்தாலும், உறவு நிலைத்திருக்கும்.

முடிவில், உடன்பட்டவற்றை எல்லாம் பாகப் பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பங்காளர் அனைவரும் கையொப்பமிட்டு, நான்கு திங்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிவுக்கு அளித்தல் வேண்டும். நில அளவர் அளந்து கல் நட்டு, உட்பிரிவு எண் பெற்று, பட்டாவில் அவரவர் பெயர் ஏறினால்தான் பணி நிறைவுறும். பேச்சளவில் நின்ற பிரிவினை, பேசியவர் மறைந்தபின் பேரப்பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு அனுப்பும்.

நிலத்துக்கு எல்லைக்கல் வேண்டும். அக்கல் நட்ட மறுநாள், மூத்தவர் வரப்பில் நின்று இளையவரை அழைக்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, "வருகிறேன், அண்ணா" என்று சொல்லக் கூடுமாயின், அந்தப் பிரிவினை நேரியது. தங்கை அவ்வழியே வரும்போது தாய் வீட்டின் வாயிலில் தயங்காமல் உள்ளே நுழைவாளாயின், அது அறத்தோடு பொருந்தியது. பங்காளி என்னும் சொல் தன் பழம்பொருளைப் பெறுவது அத்தகைய வீடுகளிலேதான்.