பொழுதறியும் நிலம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலான கருப்பொருள்கள் அவ்விரண்டையும் சார்ந்தே அமைகின்றன. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தவர்கள் திறந்தவெளியில் வாழ்ந்தவர்கள். ஒளியின் சாய்வையும் காற்றின் குளிர்ச்சியையும் உடம்பால் உணராதவர்க்கு எற்பாடும் மாலையும் ஒன்றாகவே தோன்றும்.

ஓசூரில் இன்று நாள் மூன்றாகவே பகுக்கப்படுகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின்னர் ஊர்தி, கைக்கடிகாரம், உதிரிபாகம் எனப் பல ஆலைகள் இங்கு எழுந்தன. மூன்று ஷிப்டுகளுக்குள் எண்ணற்ற குடும்பங்களின் உணவும் உறக்கமும் அடங்கிவிட்டன. கடிகாரம் செய்யும் ஊரில் வானத்தைப் பார்த்துப் பொழுதறிவோர் அருகிப்போனது வேடிக்கைதான்.

ஆலை மதிலுக்கு வெளியே பழைய பொழுதுகள் மாறவில்லை. கூதிர்காலத்தில் கேழ்வரகுக் கதிர் முற்றத் தொடங்கும். அப்போது கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிக் காடுகள் வழியே இப்பகுதிக்கு வருகின்றன. மாநில எல்லை அவற்றுக்கு இல்லை. பகலில் சானமாவு போன்ற சிறுகாடுகளில் தங்கி, இருள் கவிந்தபின் வயல்களில் இறங்குகின்றன. ஓசூர் – கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையையும் கடக்கின்றன. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் பருவ உழைப்பு முழுதும் அழிவதுண்டு. உழவர் உயிரிழந்ததும் உண்டு. ஆகவே, நகரத்தார் வியக்கும் கண்ணோடு உழவர் யானையைப் பார்க்க இயலாது. ஆயினும் கிளை முறியும் ஓசை, சாணத்தின் ஈரம், நாய் குரைக்கும் திசை ஆகியவற்றைக் கொண்டு கூட்டத்தின் வரவை உணர்பவர் அவரே. அச்சத்திலும் தேவையிலும் பிறந்த அவ்வறிவைவிட நெருக்கமாக இயற்கையை அறிதல் அரிது.

யானைகளின் வழித்தடமான காடுகளை உள்ளடக்கிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாம்பல்நிற மலை அணிலும் நீர்நாயும் முதலையும் அங்கு வாழ்கின்றன. வனத்துறையின் இசைவின்றி அதனுள் செல்லலாகாது.

இயற்கையைக் காணக் காட்டுக்குள்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் புறப்பகுதிகளைக் கடந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலத்தில் மதகு திறக்கும்போது வெண்ணுரை குன்றுபோல் குவிவதுண்டு. தொலைவில் நிற்போருக்கு அது பனிமலை. கரைக்குச் சென்றவர்க்கோ கழிவுநீரின் நாற்றம். ஆற்றின் நோயை அறியவும் அதன் கரைக்குச் சென்றாக வேண்டும்.

வெளியிற் செல்லாமையால் கண்ணும் கெடுகிறது. கிட்டப்பார்வை மிகுந்த தைவானில், மாணவர் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்னும் திட்டம் 2010இல் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. பகலொளியில் கழியும் நேரம் கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளின் முடிவு.

ஓசூர் மாணவருக்கு இராமநாயக்கன் ஏரி நகருக்குள்ளேயே இருக்கிறது. எற்பாடு மாலையாக மாறும் வேளையில் ஆலைப் பேருந்துகள் ஒருபுறம் திரும்ப, கொக்குகள் மரம் தேடித் திரும்பும். தேர்வுக்காலத்திலும் அரைமணி நேரம் அங்கு நிற்கலாம். முதலில் வந்தமரும் பறவை எது, சென்ற வாரத்தைவிட நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த நொடியில் ஒளி மங்கத் தொடங்குகிறது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வரலாம்.