மார்க்குக்கு விளக்கம் கேட்கலாம்

வேலை செய்யும் இடத்திலேயே தொழில் கற்பவரைத் தொழில் பழகுநர் என்பார்கள். அப்ரண்டிஸ் என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லை ஓரத்தில் இருப்பது பெருமாட்டி. தென்னையும் வயலும் நிறைந்த ஊர். இங்குள்ள பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படிக்கிறார்கள். பிறகு கஞ்சிக்கோடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று பஸ் ஏறுகிறார்கள். அங்கே அப்ரண்டிஸாகச் சேருகிறார்கள்.

பயிற்சி முடியும்போது தேர்வு உண்டு. தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாள் வேலைக்கு வழி காட்டும். தவறினால் வீட்டில் எல்லோர் முகமும் வாடிப் போகும். "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள்.

மார்க்கு தலையெழுத்து அல்ல. ஒரு மனிதர் போட்ட எழுத்து. அதற்கு விளக்கம் கேட்க வழி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ஆம் ஆண்டில் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. பயிற்சி தொடங்கும்போது முதலாளியும் அப்ரண்டிசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசிடம் பதிவாக வேண்டும்.

முதலாளிக்குக் கடமைகள் உண்டு. சட்டப்படி பயிற்சி தர வேண்டும். தொழில் தெரிந்த தகுதியானவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு கற்றார் என்று பதிவேடு எழுத வேண்டும்.

அப்ரண்டிசுக்கும் கடமை உண்டு. அக்கறையோடு கற்க வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும். நியாயமான உத்தரவுகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முதலாவது, வேலை இடத்துப் பதிவேடு. என்ன வேலை கற்றார், எப்படிச் செய்தார் என்பது அதில் இருக்கும். இரண்டாவது, பயிற்சியின் முடிவில் நடக்கும் தொழில் தேர்வு. அதில் எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. இந்தத் தேர்வை முதலாளி நடத்துவதில்லை. தேசியக் குழுவோ, மத்திய அரசு அனுமதித்த வேறு அமைப்போ நடத்தும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இதோ ஓர் எடுத்துக்காட்டு.

ஓர் இளைஞர் ஃபிட்டர் அப்ரண்டிஸ். அவருக்கு ஓர் ஆண்டுப் பயிற்சி. அதில் எட்டு மாதம் ஸ்டோர் ரூமில் பெட்டி தூக்கினார். அரம் பிடித்தது கொஞ்ச நாள்தான். செய்முறைத் தேர்வில் இரும்புத் துண்டை அளவாக ராவச் சொன்னார்கள். அளவு தப்பியது. எழுத்துத் தேர்விலும் எதிர்பார்த்ததைவிட மார்க்கு குறைவு. தேர்வில் தவறினார்.

அவருடைய அம்மா தொடர்கல்வி மையத்தில் படிப்பவர். மகனையும் அங்கே கூட்டிப் போனார்.

"டீச்சர், இவனுக்கு மறுபடியும் மார்க்கு போடச் சொல்லி எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

பிரேரக் கேட்டார்: "தம்பி, தினமும் என்ன வேலை செஞ்சேன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கியா?"

"இருக்குது டீச்சர். ஒரு சின்ன நோட்டுல தேதி போட்டு எழுதியிருக்கேன்."

"அப்போ உங்கிட்ட ரெண்டு குறை இருக்குது. ஒண்ணு, தொழில் சொல்லித் தரல. இன்னொண்ணு, மார்க்கு சரியான்னு சந்தேகம். ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதாதே. போற இடம் வேற வேற."

அவர் சொன்னது சரி.

முதல் குறை: பயிற்சி தரவில்லை

இது ஒப்பந்தம் பற்றிய தகராறு. இதைத் தொழில் பழகுநர் ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும். இவர் அரசு அதிகாரி. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு மாநில அரசின் ஆலோசகர். மத்திய அரசு நிறுவனங்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் நடக்கும் நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆலோசகர்.

அவர் முடிவில் திருப்தி இல்லையா? முடிவு கைக்கு வந்து 30 நாளுக்குள் தொழில் பழகுநர் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கென அமைக்கும் கமிட்டி அதை விசாரிக்கும். அதன் முடிவே கடைசி.

இந்தக் குறையைத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் மாதமே எழுதிக் கொடுத்தால் மீதி மாதங்களில் தொழில் கற்கலாம். தவறிய பிறகு எழுதினால் போன நாள் திரும்பாது.

இரண்டாம் குறை: மார்க்கு சரியில்லை

இதைத் தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்க வேண்டும். பெயர், பதிவு எண், வருகை, விட்டுப்போன மார்க்கு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். தேர்வு விதிகளில் எதற்கு என்ன கெடு என்று பார்க்க வேண்டும்.

விடைத்தாளைப் பார்க்கவும் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தும். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தேர்வு எழுதியவர் தம்முடைய திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்றது. ஆனால் திருத்தியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. விடைத்தாளை அமைப்பு வைத்திருக்கும் காலம்வரைதான் கேட்க முடியும். ஆகவே தாமதம் கூடாது.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரியிடம் முறையிடலாம்.

செய்முறைத் தேர்வில் திரும்பப் பார்க்கத் தாள் இருக்காது. கருவி பழுது, கரண்ட் போனது, நேரம் குறைந்தது என்றால் அங்கேயே, அன்றே, மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேட்டால் மார்க்கு கட்டாயம் கூடும் என்று இல்லை. தவறு தம்முடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் எதில் பலவீனம் என்று தெரியும். அடுத்த தேர்வுக்கு அது உதவும்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. அதன்படி தமிழ் பேசும் சிறுபான்மையினர் மாநில அரசின் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. தகவல் கேட்பவருக்கு எழுத வராவிட்டால், அவர் வாயால் சொல்வதை எழுத்தாக்கத் தகவல் அதிகாரி உதவ வேண்டும். இதுவும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது.

எழுத்தின் பலம் பெருமாட்டிக்குப் புதிதல்ல. 2003-இல் பிளாச்சிமடைக் குளிர்பான ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று இந்த ஊராட்சி தீர்மானம் எழுதியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மாதிரி மனு

அனுப்புநர்: (பெயர், முகவரி, ஒப்பந்தப் பதிவு எண்)
பெறுநர்: தொழில் பழகுநர் ஆலோசகர்
பொருள்: ஃபிட்டர் பயிற்சி தராதது பற்றி
ஐயா / அம்மா,
நான் (தேதி) முதல் (நிறுவனம்) என்ற இடத்தில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக இருக்கிறேன். (தேதி) முதல் (தேதி) வரை எனக்கு ஸ்டோர் வேலை மட்டுமே தந்தார்கள். என் குறிப்பு நோட்டின் நகலை இணைத்துள்ளேன். விசாரித்து, ஒப்பந்தப்படி பயிற்சி கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இடம், தேதி, கையெழுத்து

மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும்.

பயிற்சி

1. முதலாளி எழுத வேண்டிய பதிவேடு எது?
2. இளைஞரின் இரண்டு குறைகள் எவை? எது யாரிடம் போக வேண்டும்?
3. ஆலோசகரின் முடிவுக்கு எதிராக எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்?
4. உங்கள் தெருவில் அப்ரண்டிஸ் யாராவது இருக்கிறாரா? அவர் தினமும் குறிப்பு எழுதுகிறாரா? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.