அட்வெர்ப்பை எங்க வைக்கிறது? அக்கா சொல்றேன்

பாப்பா, முதல்ல அந்த லிஸ்ட்டை மூடி வை. மேனர், டைம், பிளேஸ், ஃப்ரீக்வென்சி, டிகிரின்னு கட்டம் போட்டு நெட்டுரு பண்றது ஒரு மார்க் கேள்விக்கு உதவும். ஆனா நம்ம மலையில, ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, பீமன் அருவிக்கு எப்படிப் போறதுன்னு இங்கிலீஷ்ல கேக்கிற ஆளுகிட்ட அந்தக் கட்டம் எதுக்கும் ஆகாது. வார்த்தை தெரிஞ்சா மட்டும் போதாது, அதை எந்த இடத்துல வைக்கணும்னு தெரியணும். தமிழ்ல "நேத்து நான் வந்தேன்", "நான் நேத்து வந்தேன்", "வந்தேன் நான் நேத்து" எல்லாமே ஓடிரும். இங்கிலீஷ் அவ்வளவு தாராளம் கிடையாது.

அட்வெர்ப்னா என்னன்னு நீயா குழப்பிக்காத. நீ வாய் திறந்த நாள்லேர்ந்து அதைப் பேசிட்டுதான் இருக்க. "வேகமான பஸ்", "பஸ் வேகமா போகுது." ரெண்டையும் பாரு. "ஆன"ன்னு முடிஞ்சா அது பேர்ச்சொல்லுக்கு அடை, இங்கிலீஷ்ல அட்ஜெக்டிவ். "ஆ"ன்னு முடிஞ்சா வினைக்கு அடை, அதுதான் அட்வெர்ப். மெதுவான, மெதுவா: ஸ்லோ, ஸ்லோலி. கவனமான, கவனமா: கேர்ஃபுல், கேர்ஃபுல்லி. நல்ல, நல்லா: குட், வெல். "ஷீ சிங்ஸ் குட்"னு எழுதுற பிள்ளை "அவ நல்ல பாடுறா"ன்னு என்னைக்காவது சொல்லியிருக்கா? சொல்லாது. காது சரியாத்தான் இருக்கு, பரீட்சைத்தாள்ல அதை நம்ப மாட்டேங்குது, அவ்வளவுதான்.

இந்த வழியில ஒரு குழி இருக்கு. "தேன் இனிப்பா இருக்கு." இங்க "இனிப்பா"ன்னு வருதேன்னு "தி ஹனி டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி"ன்னு எழுதிடாத. வினை வெறும் "இரு" மட்டும்தான்னா அங்க யாரும் எதையும் செய்யலை. தேன் எப்படிப்பட்டதுன்னுதான் சொல்றோம். அதனால அட்ஜெக்டிவ்: "தி ஹனி டேஸ்ட்ஸ் ஸ்வீட்." சாமைச் சோறு வாசனையா இருக்கா? "இட் ஸ்மெல்ஸ் நைஸ்." ஏரி அழகா இருக்கா? "தி லேக் லுக்ஸ் பியூட்டிஃபுல்." லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஃபீல் இந்த அஞ்சும், கூட ஈஸ், ஆர், வாஸும் வந்தா, தமிழ் வாக்கியம் வெறும் "இருக்கு"ன்னு முடியுதான்னு ஒரு தடவை சொல்லிப் பாரு. முடிஞ்சா "லி" வேண்டாம்.

"லி" ஒட்டாத முரடுகளும் இருக்கு. ஃபாஸ்ட், அட்வெர்ப்பா வந்தாலும் ஃபாஸ்ட்தான். ஃபாஸ்ட்லின்னு ஒண்ணு கிடையாது. ஹார்டும் லேட்டும் இன்னும் மோசம், "லி" ஒட்டினா அர்த்தமே மாறிரும். லேட்லின்னா "சமீபமா". ஹார்ட்லின்னா "செய்யவே இல்லைன்னு சொல்லலாம்"ங்கிற அளவுக்குக் கொஞ்சம். இன்டர்வியூல போய் "ஐ ஒர்க் ஹார்ட்லி"ன்னு சொன்னா, "நான் வேலையே செய்யமாட்டேன்"னு நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி. "ஐ ஒர்க் ஹார்ட்." அங்கேயே நிறுத்திக்க. இதுக்கு நேரெதிரா ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, காஸ்ட்லின்னு ஒரு கூட்டம். முடியறது "லி"தான், ஆனா எல்லாம் அட்ஜெக்டிவ்.

இப்ப இடத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது. தமிழ் வாக்கியத்தைப் பின்னாடிலேர்ந்து படி.

"நான் தினமும் காலைல எட்டு மணிக்கு பஸ்ஸுல போளூருக்குப் போறேன்."

கடைசியில இருக்கிற "போறேன்"ல ஆரம்பி: ஐ கோ. அதுக்கு முன்னாடி "போளூருக்கு": டு போளூர். அதுக்கு முன்னாடி "பஸ்ஸுல": பை பஸ். "எட்டு மணிக்கு": அட் எய்ட். "தினமும் காலைல": எவ்ரி மார்னிங். சேர்த்துச் சொல்லு: "ஐ கோ டு போளூர் பை பஸ் அட் எய்ட் எவ்ரி மார்னிங்." அப்படியே சரியா உட்காருதா? ரெண்டு மொழியும் எதிரெதிர் பக்கத்துலேர்ந்து நடக்குதுங்க. எல்லா வாக்கியத்துக்கும் இது கச்சிதமா வராது, ஆனா எங்க, எப்போங்கிற அட்வெர்ப்புக்குப் பெரும்பாலும் ஏமாத்தாது. வினைக்கும் அதோட ஆப்ஜெக்டுக்கும் நடுவுல மட்டும் எங்க, எப்போ, எப்படிங்கிற அட்வெர்ப்பைச் சொருகாத. "ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்" தப்பு. "ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்."

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் மாதிரி வார்த்தைகள் பெரும்பாலும் பின்னாடி போய் நிக்காது. வினைக்கு முன்னாடி நிக்கும்: "ஐ ஆல்வேஸ் வாக்." ஈஸ், ஆர் வந்தா அதுக்குப் பின்னாடி: "தி பஸ் ஈஸ் ஆல்வேஸ் லேட்." நம்ம மலைக்கு ரெண்டாவது வாக்கியம்தான் அதிகம் தேவைப்படும். நெவர் வந்தா டோன்ட் வேண்டாம். தமிழ்ல "ஒருநாளும் போகமாட்டேன்"னு வினையிலயும் மறுப்பு வரும், இங்கிலீஷ்ல நெவரே மறுப்பு. "ஐ நெவர் கோ."

ஒன்லிகிட்ட உஷாரா இரு. அது யார் பக்கத்துல நிக்குதோ அவங்களைத்தான் பிடிச்சுக்கும். "ஒன்லி மாலா சோல்ட் ஹனி டுடே"ன்னா வேற யாரும் விக்கலை. "மாலா சோல்ட் ஒன்லி ஹனி டுடே"ன்னா புளி, சாமை எதையும் விக்கலை. "மாலா சோல்ட் ஹனி ஒன்லி டுடே"ன்னா நேத்து விக்கலை. நம்ம ஆளுங்க "நேத்துதான் வந்தேன்"ங்கிறதை "ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி"ன்னு சொல்லுவாங்க. "தான்" வர்ற இடத்துல எல்லாம் ஒன்லியைப் போடுற பழக்கம். நமக்குள்ள பேசிக்க ஒரு கேடும் இல்லை, நான்கூட சொல்லுவேன். பரீட்சையில எழுதாத. "ஐ கேம் ஜஸ்ட் யெஸ்டர்டே" போதும்.

"உம்"முக்கும் அதே கதை. ஆலங்காயம் போற ரோட்டுல காவலூர் வானாய்வகம் இருக்கே, 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப, அங்க இருந்த 1 மீட்டர் டெலஸ்கோப்லயும் பாத்துட்டு இருந்தாங்க. யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அந்த ராத்திரி எடுத்த கணக்குகளாலதான். "காவலூர்லயும் பாத்தாங்க"ங்கிறதுல இருக்கிற "உம்" இங்கிலீஷ்ல கடைசிக்குப் போயிரும்: "தே வாட்ச்ட் இட் ஃப்ரம் காவலூர் டூ." ஆல்சோ போடணும்னா வினைக்கு முன்னாடி: "தே ஆல்சோ வாட்ச்ட் இட் ஃப்ரம் காவலூர்."

இதே டூவை அட்ஜெக்டிவ் முன்னாடி வெச்சா குறை சொல்றதா ஆயிரும். நமக்கு எல்லாமே "ரொம்ப", அதனால குழம்புது. நம்ம மலையில நடக்கிற கோடை விழாவுக்கு வர்றவங்ககிட்ட தேனை நீட்டி "வெரி ஸ்வீட்"னு சொல்லு, வாங்குவாங்க. "டூ ஸ்வீட்"னா திகட்டுற அளவுக்கு இனிப்பு, சாப்பிட முடியாதுன்னு அர்த்தம்.

கடைசியா ஒரு அட்வெர்ப், கைண்ட்லி. ஹாஸ்டல் லீவ் லெட்டர்ல எல்லாரும் "ப்ளீஸ் கைண்ட்லி கிரான்ட் மீ லீவ்"னு எழுதுறீங்க. ப்ளீஸ், கைண்ட்லி ரெண்டுல ஒண்ணு போதும், வினைக்கு முன்னாடி வை. வார்டன் லீவ் கொடுப்பாரா மாட்டாராங்கிறது இலக்கணத்துல இல்லை.