வீட்டு இன்ஷூரன்ஸ்: எப்போது ஈடு கோருவது?

2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அண்டையிலுள்ள நாகரசம்பட்டி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருஞ்சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் ஈடு கோரத் தயங்க வேண்டியதில்லை. சிறு சேதத்துக்குத்தான் யோசனை தேவை.

தென்னை சாய்ந்து கூரை ஓடுகள் உடைந்தன என்று கொள்வோம். செப்பனிட ரூ. 6,000 ஆகிறது. முதல் ரூ. 5,000 உரிமையாளர் பொறுப்பு எனப் பாலிசியில் கண்டிருந்தால், கிடைப்பது ரூ. 1,000. அதற்காக இரு நாள் கூலியை இழப்பதா? அடுத்த ஆண்டுப் பிரிமியத்தில் சலுகை ஏதும் போகுமா என்பதையும் கேட்டறிதல் நலம்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தீ, மின்னல், புயல், வெள்ளம், மரம் வீழ்தல் முதலியவற்றுக்கு ஈடளிக்கிறது. நாட்பட்ட தேய்மானத்துக்கு அளிப்பதில்லை. கைதவறி விழுந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கும், தனிப் பாதுகாப்புப் பெற்றிருந்தாலன்றி, அதில் இடமில்லை. இதனை அறியாமல் வீணே அலைவோர் உண்டு.

கோருவதென முடிவு செய்தால், ஓடு மாற்றுமுன் படமெடுத்துக் கம்பெனிக்கு உடனே அறிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை உடைந்தவற்றை அப்புறப்படுத்தலாகாது. ஒழுகாமலிருக்கத் தார்ப்பாய் போர்த்தலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு கிட்டாவிடில், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.