சாண எரிவாயுக் குழாயின் அளவு

சாண எரிவாயுக் கலன் செவ்வனே இயங்கியும் அடுப்பில் சுடர் மங்கி எரிவதுண்டு. அடுக்களைக்கு வாயுவைக் கொணரும் குழாய் ஒடுங்கியிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் 1962-இல் ஏற்றுப் பரப்பிய மிதக்கும் கொள்கல வகையில் வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 10 செ.மீ. நீர்மட்ட அளவேயாகும். ஆகவே வழியில் 1 செ.மீ.க்கு மேல் இழக்காதிருத்தல் நன்று. இழப்பு மாறாதிருக்க, குழாயின் நீளம் இரட்டித்தால் பாய்வு சுமார் 30 விழுக்காடு குறையும். உள்விட்டம் இரட்டித்தால் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகும்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 0.45 கன மீட்டர் வாயு கொள்ளும் இரு அடுப்புகளுக்கு 0.9 கன மீட்டர் தேவை. கலன் 20 மீட்டர் தொலைவிலிருந்தால் அரை அங்குலக் குழாய் சரியாகப் போதும். 40 மீட்டராயின் அது சுமார் 0.64 கன மீட்டரே தரும். முக்கால் அங்குலக் குழாயே ஏற்றது. வளைவுகளும் திருகுகளும் தடையைக் கூட்டுவதால் அவற்றையும் நீளத்தோடு சேர்த்து எண்ண வேண்டும்.

வாயுவிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகித் தாழ்ந்த இடங்களில் தேங்கினால், தக்க அளவுள்ள குழாயும் அடைபடும். எனவே குழாயைச் சரிவாக அமைத்து, தாழ்முனையில் நீர் வடிக்கும் திருகு பொருத்துதல் வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைச் சோதித்தல் இன்றியமையாதது.

குழாயில் மிச்சப்படுத்தும் சிறு தொகை, இல்லத்தரசியை மீண்டும் விறகுப் புகைக்கே திருப்பிவிடக்கூடும். ஆதலின் கலனுக்கு இடம் தெரிவு செய்யும்போதே குழாயின் அளவையும் கணக்கிடுதல் வேண்டும்.