நிலவறையும் ஈரமும்

கடுங்குளிர் நாடாகிய கனடாவில், பனிக்காலத்தில் நிலத்து நீர் உறையும். மண் பொங்கிக் கடைக்காலைப் பெயர்க்கும். ஆதலின் உறைபனி எட்டாத ஆழத்தில் கடைக்கால் இடுவர். அவ்வாழமே பல வீடுகளில் நிலவறையாக அமைகின்றது.

நிலவறைக்குப் பெரும்பகை ஈரம். அஃது இருவழியாக வரும். விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பது போலக் கான்கிரீட்டுச் சுவரின் நுண்துளைகள் மண்ணின் நீரை ஈர்க்கும். இது முதல் வழி. கோடையில் வெப்பக்காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகும். குளிர்நீர்ச் செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதை நாம் கண்டதில்லையா? இது இரண்டாம் வழி.

எவ்வழியென அறிவது எளிது. பிளாஸ்டிக் தாளொன்றைச் சுவரில் வைத்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டொரு நாள் விடுக. சுவரை நோக்கிய பக்கம் நனைந்தால், நீர் மண்ணிலிருந்து வருவது. அறையை நோக்கிய பக்கம் நனைந்தால், காற்றிலிருந்து வருவது.

மண்ணின் நீரை வெளியிலேயே தடுத்தல் வேண்டும். கூரைநீரைக் குழாய்வழியே தொலைவில் விடுக. சுவரையொட்டிய நிலம் 10 அடிக்குள் 6 அங்குலமேனும் தாழ்ந்து சரிதல் வேண்டும். கடைக்காலருகே சரளைக் கற்களிடையே வடிகுழாய் அமைத்தல் நன்று.

அதன் பின்னரே, வெப்பத்தை எளிதில் கடத்தாத நுரைப்பலகைகளைச் சுவரின் உட்புறம் இடைவெளியின்றிப் பதித்தல் வேண்டும். பனிக்காலத்தில் வீட்டின் வெப்பம் வீணாகாது. கோடையில் ஈரக்காற்று குளிர்சுவரைத் தீண்டாது.

இம்முறையை மாற்றி, ஈரச்சுவரைப் பலகையால் மூடுவோர் உளர். மறைவில் பூஞ்சணம் பெருகும், மரச்சட்டங்கள் இற்றுப்போகும், வாழ்வோர்க்கு இருமலும் இளைப்பும் உண்டாகும். புண்ணைக் கழுவாது கட்டினால் சீழ் வைக்குமன்றோ? காரணத்தை நீக்கிய பின்னரே காப்பிடுதல் அறிவுடைமை.