முயலுக்கு அளவான தீனி

நம் சங்க அன்பர்கள் சிலர் குழந்தைகளுக்காக முயல் வளர்க்கிறார்கள். என் பேத்தியின் முயலுக்குத் தீனி வைப்பது என் பொறுப்பு. ரயில்வேயில் அளந்தே பழகியவனாதலால் வாரம் ஒருமுறை அதை நிறுத்துக் குறித்து வைக்கிறேன்.

முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. புல்லை மென்றால்தான் அவை தேயும்; நார்ச்சத்து இருந்தால்தான் குடல் இயங்கும். ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லோ உலர்புல்லோ இருக்கட்டும். மருந்து தெளிக்காத அருகம்புல் நல்லது. இதற்கு அளவில்லை. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிக்குத் தரலாம், வளர்ந்த முயலுக்கு அன்றாடம் வேண்டாம்.

பெல்லட் தீனி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதாவது 2 கிலோ முயலுக்கு 50 கிராம். காரட்டில் சர்க்கரை உண்டு. சிறு துண்டு போதும். பிரெட், பிஸ்கட், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூர்மையாகக் குத்தினால் மெலிவு. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் பருமன். பருத்த முயலால் குனிந்து தன் மென்புழுக்கையை உண்ண முடியாது. அதிலுள்ள சத்தை இழக்கும். பின்புறம் அசுத்தமாகி, ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

எடையைக் குறைக்கப் பட்டினி போடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. பெல்லட்டை மட்டும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.